அட்டையில் இருப்பது யார் பெயர்?

(புதுக்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டைக்குச் சொந்தமாக ஒரு காசு இருந்தது. வெள்ளைக்காரன் நாணயம் நாடெங்கும் ஓடிய காலத்திலும், தொண்டைமான் சீமையில் அம்மன் காசு ஓடியது. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒருபுறம் பிரகதாம்பாள் உருவம். மறுபுறம் ‘விஜய’ என்ற சொல், அதுவும் தெலுங்கு எழுத்தில்! இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. 1948 மார்ச்சு 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. காசு பழங்கதையாயிற்று; கண்ணாடிப் பேழைக்குள் போய் அமர்ந்துகொண்டது.

காசு போனது. அணா போனது. இன்று சந்தையிலே ரூபாய்த் தாளும் மெல்ல மெல்லத் தலைமறைவாகிக்கொண்டிருக்கிறது! கீரமங்கலத்துப் பூக்கடைக்குச் செல்லுங்கள். ஆதனக்கோட்டைச் சாலையோரம் முந்திரி வறுக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். வடகாட்டுப் பலாப்பழம் குவிந்து கிடக்கும் இடத்துக்கும், மீன் வந்திறங்கும் செகதாப்பட்டினத்துக் கரைக்கும் செல்லுங்கள். தராசுக்குப் பக்கத்திலே ஓர் அட்டை! அதிலே கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள். வாங்க வந்தவர் செல்பேசியை அதன்முன் காட்டுகிறார்; பணம் பறக்கிறது. பக்கத்திலிருக்கும் பெட்டி, ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று கூவுகிறது.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் யுபிஐ என்ற முறை தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கி வாசலில் வரிசை நின்றது. வயலிலே வேலை நின்றது. ஏழை வீட்டில் அடுப்பு நின்றது. அந்தத் துன்பம் ஒருபுறம் இருக்கட்டும். அதற்குப் பின்னர், விரும்பியோ விரும்பாமலோ, பெருங்கடை முதல் தள்ளுவண்டி வரை இந்த அட்டை வந்து ஒட்டிக்கொண்டது.

இதைக் கண்டு நாம் அஞ்சவேண்டுமா? அஞ்சவேண்டியதில்லை. புதுமையைக் கண்டு புலம்புகிற கூட்டமல்ல நாம். ‘இனிவரும் உலகம்’ என்ற தலைப்பிலே தந்தை பெரியார் 1940களிலேயே சொன்னார்: கம்பியில்லாக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும், தொலைவிலே இருப்பவர்கள் ஒருவர் உருவத்தை ஒருவர் கண்டு பேசிக்கொள்வார்கள் என்று. ஊருக்கு ஒரு வானொலிகூட இல்லாத காலம் அது. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலே இருக்கும் சித்தப்பாவின் முகத்தைத் திண்ணையில் அமர்ந்தபடி பார்க்கிறார்கள்!

ஆகவே, கருவி வரலாமா வரக்கூடாதா என்பதல்ல கேள்வி. வந்த கருவி யார் கையில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதே கேள்வி.

நாடகக்காரன் நான். ஆகவே ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். இடம்: பூக்கடை. ஆத்தா அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறார். வந்தவர் இளைஞர்.

“நாலு முழம் குடு ஆத்தா. ஜிபே இருக்கா?”

“அந்தா ஒட்டியிருக்கு பாரு தம்பி.”

“ஆத்தா, இதுல ஆம்பளைப் பேரு வருதே?”

“அது எம் மகன் பேருப்பா.”

“அப்ப காசு ஒங்க கைக்கு எப்ப வரும்?”

“கேட்டாக் குடுப்பான்.”

காட்சி முடிந்தது. திரை போடலாம். ஆனால், ‘கேட்டாக் குடுப்பான்’ என்ற அந்தச் சொல்லின்மேல் திரை போட முடியுமா, தோழர்களே?

விடியலுக்கு முன் எழுந்தவர் ஆத்தா. பூ வாங்கியவர், தொடுத்தவர், வெயிலிலே அமர்ந்து விற்றவர், எல்லாம் அவரே. நேற்றுவரை விற்ற காசு அவர் இடுப்பிலே இருந்த சுருக்குப்பைக்குள் விழுந்தது. அந்தப் பையின் கயிறு அவர் கையில் இருந்தது. பேத்திக்கு மிட்டாய் வாங்கவும், தலைவலிக்கு மாத்திரை வாங்கவும், சீட்டுக்குக் கட்டவும் யாரையும் அவர் கேட்டதில்லை. இன்று பெட்டி கூவுகிறது, பணம் வந்தது என்று. வந்தது உண்மை, வந்தது எங்கே? மகன் கணக்குக்கு! தம் உழைப்பின் ஊதியத்தைத் தாமே கேட்டுப் பெறவேண்டிய நிலை.

மகன் கெட்டவனல்ல. தாயின் வியாபாரம் நின்றுவிடக்கூடாதே என்றுதான் அட்டையை வாங்கி ஒட்டினான். நல்ல மகன்தான் கேட்டால் கொடுப்பான். கொடுக்காத மகனும் நாட்டில் உண்டு. குடித்துத் தீர்க்கும் கணவனும் உண்டு. கொடுப்பவர் நல்லவரா என்று பார்த்தா உரிமை? கேட்காமலே தன்னிடம் இருப்பதற்குப் பெயர்தான் உரிமை.

இந்த மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பெயருக்காகப் போராடிய மண் இது. புதுக்கோட்டையிலே 1886இல் பிறந்தார் முத்துலட்சுமி ரெட்டி. மன்னர் கல்லூரிப் பதிவேட்டிலே ஒரு பெண்ணின் பெயரா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைவளித்தார், பெயர் ஏறியது. 1912இல் அந்தப் பெண் மருத்துவப் பட்டத்தோடு வெளிவந்தார். பின்னர்ச் சட்டமன்ற மேலவையிலே அமர்ந்து, தேவதாசி முறையை வேரறுக்கக் குரல் கொடுத்தார்.

ஒருவர் பெயர் ஏறியது, சரி. ஊரிலுள்ள பெண்கள் எல்லாருடைய பெயரும்?

அதற்கு வந்தது அறிவொளி இயக்கம். 1991ஆம் ஆண்டு. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். விளக்கடியிலே, மரத்தடியிலே, கல்லுடைக்கும் களத்திலே எழுத்தைக் கற்பித்தார்கள். கைநாட்டு வைத்த விரல் கையெழுத்துப் போட்டது. அதோடு நின்றார்களா? எழுத்து வந்த கைக்கு ஒரு வண்டியும் வேண்டும் என்று எண்ணினார்கள். மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள்!

மிதிவண்டி என்ன, விந்தையான கருவியா? இரண்டு சக்கரம், ஒரு சங்கிலி. ஆனால் அன்றைக்குச் சிற்றூரிலே ஒரு பெண் அதன்மேல் ஏறினாள் என்றால், அது ஏவுகணைமேல் ஏறியதற்கு ஒப்பு! கேலி பேசினார்கள். கூசாமல் கொச்சையாகவும் பேசினார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. பெண்களுக்கான வண்டி தட்டுப்பாடாயிற்று. ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். நடுவிலே கம்பி இருக்கிறதே என்றார்கள். அந்தக் கம்பியிலே குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள்! 1992 மகளிர் நாளையொட்டி 1,500க்கு மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் மிதிவண்டியிலே வந்தார்கள். ஊர்வலமா அது? உரிமை வலம்! ஒன்றரை ஆண்டுக்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று, இங்கு வந்து பார்த்த இதழாளர் பி. சாய்நாத் எழுதினார்.

அதனால் விளைந்தது என்ன? முன்பு பேருந்துக்குக் காத்திருந்தாள். பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விடத் தகப்பனுக்கோ தமையனுக்கோ கணவனுக்கோ காத்திருந்தாள். வண்டி வந்தபின், விளைந்ததைத் தானே சந்தைக்குக் கொண்டுபோனாள். ஓர் ஊரில் விற்றவள் நான்கு ஊரில் விற்றாள். மிச்சப்பட்ட நேரத்தில் மேலும் விற்றாள். சற்று ஓய்வும் கொண்டாள். வணிகம் மாறியது, வாழ்வும் மாறியது. அதே காலத்திலே கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே கல்குவாரிக் குத்தகை தரப்பட்டது. கூலிப் பட்டியலிலே இருந்த பெயர் குத்தகைப் பத்திரத்துக்கு ஏறியது! ஒப்பந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். எதிர்க்காமல் இருப்பார்களா?

அந்த வெற்றியின் இரகசியத்தைக் கவனியுங்கள். கருவி மட்டும் வரவில்லை. கருவியோடு எழுத்து வந்தது; கற்றுக்கொடுக்க ஆள் வந்தார்; வண்டி வாங்கக் கடன் வந்தது. நான்கும் சேர்ந்து வந்ததால்தான் பெண் சக்கரத்தை ஓட்டினாள். இல்லையேல் சக்கரம் அவள்மேல் ஓடியிருக்கும்!

செல்பேசிக்கு அப்படி ஓர் அறிவொளி நடந்ததா? நடக்கவில்லை. கடைக்காரர் விற்றார், வீட்டிலே ஆண் வாங்கினார், பெண் கையில் பழைய பொத்தான் செல்பேசி தங்கியது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுகிறது: இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள், நூறு ஆண்களில் 57 பேர், நூறு பெண்களில் 33 பேர். தாமே பயன்படுத்தத் தமக்கென்று செல்பேசி உள்ளவர்கள், நூறு பெண்களில் 54 பேர்தான். கருவி ஒன்றே, கைகள் ஒன்றாக இல்லை.

கருவி கையில் இல்லாதவர்மேல் கருவி எப்படி நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்திலே 2023 சனவரி 1 முதல் வருகைப் பதிவைச் செயலி வழியேதான் செய்யவேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. நாளுக்கு இருமுறை படம் எடுக்கவேண்டும். மண் சுமந்தவள் பெண். படத்திலே நின்றவளும் பெண். செல்பேசியோ பொறுப்பாளர் கையில். படம் ஏறாவிட்டால் கூலி ஏறுமா என்று அவள் கலங்கி நின்றாள். மிதிவண்டியை அவள் ஓட்டினாள்; இந்தக் கருவியோ அவளை ஓட்டியது!

இன்னொரு கேடும் உண்டு. செல்பேசியைத் தெரியாதவர் கையில் கொடுத்துப் ‘பார்த்துச் சொல்லுப்பா’ என்கிறாரே தாய், அந்த நம்பிக்கையைத் திருடன் அறிவான். ‘உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, இரகசிய எண்ணை அழுத்துங்கள்’ என்பான். அழுத்தினால் வரவு வராது, இருப்பு போகும்! ஒன்றை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யுபிஐயில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இந்த இரண்டு செய்தியும் தெரிந்திருந்தால் எத்தனையோ சேமிப்பு தப்பும்.

பெயர் மாற்றுவது கடினமா? அதுவும் இல்லை. பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கவேண்டும். அந்தக் கணக்கோடு அவருடைய எண்ணே இணைந்திருக்கவேண்டும். மகன் எண் அல்ல, மருமகன் எண் அல்ல. பிறகு அட்டையை அவர் பெயரிலேயே பெறலாம். பெட்டி வாய்விட்டுச் சொல்லுவதால், படிக்கத் தெரியாதவருக்கும் வரவு தெரியும். பொத்தான் செல்பேசியிலிருந்தும் பணம் அனுப்ப 2022 மார்ச்சிலேயே வழி வந்துவிட்டது. தடையாக நிற்பது தொழில்நுட்பம் அல்ல. ‘அதெல்லாம் அதுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று வீட்டிலே சொல்லுகிறோமே, அந்தப் பழக்கம்!

இந்தப் பழக்கத்தை முறிப்பதுதான் நம் இயக்கத்தின் வரலாறு. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலே, பெண்ணுக்கும் சொத்திலே சம உரிமை என்று தீர்மானம் நிறைவேறியது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், கலைஞர் ஆட்சியிலே அது தமிழ்நாட்டுச் சட்டமாயிற்று. அதே 1989இல் தருமபுரியிலே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முளைவிட்டன. 2023 செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்திலே மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் என்று வகுத்தார்கள். அதைக் குடும்பத் தலைவன் கணக்கிலா போட்டார்கள்? பெண்ணின் கணக்கிலே போட்டார்கள். பத்திரத்திலே பெயர், பதிவேட்டிலே பெயர், வங்கிக் கணக்கிலே பெயர். இத்தனையும் கண்ட பின், பூக்கடை அட்டையிலே மட்டும் பெயர் மாறிப் போகலாமா?

அரசு செய்யவேண்டியது இருக்கிறது. எழுத்துக்கு ஓர் அறிவொளி நடந்த இந்த மாவட்டத்திலே, செல்பேசிக்கும் ஓர் அறிவொளி நடக்கட்டும். சுயஉதவிக் குழு கூடுகிற இடத்திலேயே, தமிழிலேயே, பொறுமையாகக் கற்பிக்கட்டும். கற்றவர் கற்காதவருக்குச் சொல்லட்டும். தாளும் காசும் கொண்டுவருவோரை விரட்டாதிருக்கட்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் வீசியதே, மறந்துவிட்டோமா? தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது. ஊர்கள் பல நாள் இருளிலே கிடந்தன. மின்சாரம் செத்தால் செல்பேசியும் சாகும். அன்றைக்குக் கைகொடுத்தது முந்தானையில் முடிந்த பணமும் பக்கத்து வீட்டு மனிதரும்தான்.

நீங்கள் செய்யவேண்டியதும் இருக்கிறது. கொடி ஏற்றினோம், கூட்டம் போட்டோம் என்று நின்றுவிடாதீர்கள். இன்று மாலையே உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்குப் போங்கள். கீரை விற்பவர், மீன் விற்பவர், இட்லி சுடுபவர், யாராயினும் அருகே அமர்ந்து கேளுங்கள்: “அட்டையிலே யார் பேரு ஆத்தா?” வேறு பெயர் என்றால், வங்கி திறந்திருக்கும் நாளில் அவரோடு நீங்களே செல்லுங்கள். அரை நாள் வேலை. மேடையிலே ஆயிரம் முறை பெண்ணுரிமை பேசுவதைக் காட்டிலும் அந்த அரை நாள் பெரிது.

அதற்கு முன் ஒன்று. உங்கள் வீட்டுக் கடையிலே ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.