எருமை ஒரு இடத்துல நிக்காது

நான் சென்னையில ஓவியம் படிக்கிறேன், மூணாவது வருஷம். "உன்னோட ஒரு நாள் எப்படி இருக்கும்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

காலையில மின்சார ரயில். எதிர்ல தூங்குறவங்களை வரைஞ்சுக்கிட்டே காலேஜ் போவேன். சாயங்காலம் எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896ல திறந்த இடம். புத்தகம் வாங்கினா கலர் வாங்கக் காசு இருக்காது, அதனால அங்கேயே உட்கார்ந்து படிச்சிடுவேன். மிச்சம் பிடிக்கிற காசு பஸ் டிக்கெட்டுக்கு.

ஆனா ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் அதே ரயில்ல நான் போன்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

போன செமஸ்டர் ரிவ்யூவுக்கு பத்து படம் வெச்சேன். சார் எல்லாத்தையும் பார்த்துட்டு, "கை நல்லா ஓடுதும்மா. ஆனா இதுல எதையாவது நேர்ல பார்த்திருக்கியா?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. பத்துமே இன்டர்நெட்ல எடுத்த போட்டோவைப் பார்த்து வரைஞ்சது. ரெண்டு வாரம் பென்சிலையே தொடல. படிப்பை விட்டுடலாமான்னுகூட யோசிச்சேன்.

அப்போ கன்னிமாராவுல ஒரு புத்தகத்துல சித்தன்னவாசல் ஓவியத்தோட படம் பார்த்தேன். உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு. நேர்லயே பார்த்துடலாம்னு ராத்திரி பஸ் பிடிச்சு புதுக்கோட்டை. அங்கிருந்து அன்னவாசல் பஸ்.

அது சமணர்களோட குடைவரைக் கோயில். 9ஆம் நூற்றாண்டு பாண்டியர் காலத்துல, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அதைப் புதுப்பிச்சதா அங்கே இருக்கிற கல்வெட்டு சொல்லுது. மேற்கூரை முழுக்க ஒரு தாமரைக் குளம். மீன், பறவை, யானை, எருமை, பூப் பறிக்கிற ஆட்கள். நிறைய இடம் உதிர்ந்துபோச்சு. ஆனா மிச்சம் இருக்கிறதைப் பார்த்தாலே தெரியும், வரைஞ்சவர் ஏதோ ஒரு குளத்தங்கரையில ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கார்.

நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து எருமையைக் காப்பி பண்ணிக்கிட்டு இருந்தேன். வாசல்ல இருந்த ஐயா எட்டிப் பார்த்துட்டு, "ஏம் பாப்பா, எருமைதான் வேணும்னா கீழ நிக்குதே!"ன்னார். சிரிச்சுட்டேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. சார் கேட்டதும் இதைத்தானே?

கீழே இறங்கிப் போனேன். நிஜ எருமை ஒரு இடத்துல நிக்காது. தலையை வரையறதுக்குள்ள உடம்பு திரும்பிடும். பொழுது சாயறதுக்குள்ள பதினாலு படம். ஒண்ணுகூட முழுசா இல்ல.

அதையெல்லாம் அப்படியே சார்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னங்கால் இல்லாத ஒரு எருமையை ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தார். அப்புறம் கேட்டார்: "இது எந்த ஊரும்மா?"

போட்டோ பார்த்து வரைஞ்ச அந்தப் பத்துல ஒண்ணைக்கூட அவர் எந்த ஊர்னு கேட்கல.

சரி மக்களே, ரயில்ல எதிர் சீட்டுல யாராவது உங்களையே பார்த்து எழுதிக்கிட்டிருந்தா கொஞ்சம் அசையாம இருங்க. அது நானா இருக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.