உடலறிந்து உண்போம்



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர். எமக்கு ஒதுக்கப்பெற்ற பொருளோ சோறு. விழாவுக்கு இது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். 1956இல் பெருந்தலைவர் காமராசர் பள்ளியில் மதிய உணவு இட்டதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்ததும், 2022இல் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கப் பெற்றதும், சோறும் கல்வியும் ஒரே அடுப்பில் வேகின்றன என்பதை அறிந்ததனால்தான். இங்கே அமர்ந்திருப்போருள் அந்த மதியச் சோற்றுக்காகவே பள்ளிக்குச் சென்றோர் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்காதவர்களை எண்ணுவதே எளிதாக இருக்கும்.

சென்ற ஆண்டு நம் மாணவியர் விடுதியில் ஒரு நாள் இரவு உணவுக்குக் கேழ்வரகுக் களி கிண்டச் சொன்னோம். நல்லதைச் செய்கிறோம் என்ற பெருமிதம் எமக்கு. பிள்ளைகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அடம் என்று கருதிக் கடிந்து பேசினோம். அப்போது ஒரு பெண் எழுந்து, "எங்க அப்பத்தா மாடுமேய்ச்ச வீட்டுக் கொல்லையில நின்னு வாங்கிக் குடிச்சது இந்தக் கூழுதான் ஐயா. நீ படிச்சு நெல்லுச்சோறு தின்னணும்னுதான் என்னை இங்க அனுப்பினாங்க" என்றாள். எம்மிடம் மறுமொழி இல்லை. இன்றைய பேச்சு, அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்ட மறுமொழி எனக் கொள்ளலாம்.

அவள் சொன்னது வரலாறு. 1930ஆம் ஆண்டு டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். நம் காரைக்குடிச் சீமையும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே; சிவகங்கை பிரிந்தது பின்னர் 1985இல். சட்டை அணியாதே, பொன் வெள்ளி அணியாதே என்பவற்றோடு, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கலம் புழங்காதே என்பதும் அத்தடைகளுள் ஒன்று. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகளைப் படிக்க வைக்கக்கூடாது என்பதும் அவற்றில் இடம்பெற்றது. ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார். இன்று நகரத்துக் கடைகளில் 'உடலுக்கு நல்லது' என்று மண்சட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். நம்மவர் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் ஏங்கியதைப் பகட்டு என்று எவரும் ஏளனம் செய்ய வேண்டா. வெள்ளைச் சோறும் அத்தகையதே. அது நமக்கு வெறும் உணவாக வரவில்லை, மரியாதையாக வந்தது.

ஆனால் மரியாதை வேறு, உடம்பின் கணக்கு வேறு. குன்னூரில் 1918இல் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடம் தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து 1958இல் ஐதராபாத் சென்று, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றும் நிலவுகிறது. அக்கூடத்தைத் தொடங்கிய மெக்காரிசன் என்னும் மருத்துவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்டவை கொழுத்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட நம் பக்கத்து ஏழை உணவை உண்டவை மெலிந்து நோயுற்றன. இதைக் கொண்டு அரிசியைப் பழிப்பது தவறு. தவிட்டையும் முளையையும் ஆலை நீக்கிவிட, எஞ்சிய வெண்மையோடு பருப்பும் பாலும் கீரையும் சேராமற் போனதே குற்றம். நெல்லைப் புழுக்கி அரைத்தால் தவிட்டின் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. நம் ஆத்தாமார் புழுங்கலரிசியே ஆக்கியது வீண்போகவில்லை.

செட்டிநாட்டுச் சமையல் என்னும் பலகை இன்று உலகெங்கும் தொங்குகிறது. அச்சமையலுக்கு நெல் விளைத்தவரும் மாவிடித்தவரும் என்ன உண்டனர் என்று எந்தப் பலகையும் சொல்லாது. விருந்தில் இனிப்பாகப் பரிமாறப்படும் கவுனி அரிசியின் கருமை அதன் தவிட்டில் உள்ளது. தவிடு நீங்காத கவுனி விலையேறிய பண்டம். தவிடு நீங்காத வரகும் சாமையும் நேற்றுவரை இழிவு! இழிவு தானியத்தில் இல்லை, அதை அளந்து போட்டவனின் கையில் இருந்தது.

நம்முடையதாக இருந்த உணவு கூழ் மட்டுமன்று. கண்மாயில் நீர் வற்றும்போது பிடித்த மீன், வயல் நண்டு, நத்தை, கருவாடு, வரப்பில் பறித்த பண்ணைக்கீரை, வேலியோர முருங்கை, ஆட்டு இரத்தப் பொரியல், மாட்டிறைச்சி: இவை யாவும் நம் தட்டில் இருந்தவை. மாட்டிறைச்சியை மறைத்து உண்ணும் வழக்கத்தை நம் பிள்ளைகள் விடவேண்டும். இறைச்சியிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. கீரையின் இரும்புக்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணை வேண்டும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அதுவும் கெடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுடையோர் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. வகுப்பில் தூங்கி விழும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டும் ஆசிரியர் இதனை நினைவிற் கொள்க.

அப்படியாயின் எல்லாரும் கேழ்வரகுக்குத் திரும்புவோமா என்றால், இல்லை என்போம். ஒரே களியை எல்லாருக்கும் கிண்டியதே எம் பிழை. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், முன் உண்டது செரித்ததை அறிந்து, உடலுக்கு ஒத்ததை அளவோடு உண்ணச் சொல்கிறார். யாருடைய உடல் என்பதே கேள்வி.

வளரும் பிள்ளைக்குக் கேழ்வரகு நல்லது. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. ஆனால் அவளுடைய அப்பத்தாவுக்கு நீரிழிவு இருந்தால், நைய அரைத்துக் காய்ச்சிய அதே கேழ்வரகுக் கஞ்சி சர்க்கரையை விரைந்து ஏற்றிவிடும். நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் பத்துக் கோடி என 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. அண்ணல் அம்பேத்கரும் அந்நோயால் வருந்தியவரே. அத்தகையோர் தானியத்தைக் குறைத்து, பயறும் கீரையும் மீனும் கூட்ட வேண்டும். கருப்பட்டி என்றால் தீங்கில்லை என்று நம்பி உண்போருக்குச் சொல்கிறோம்: கருப்பட்டியும் சர்க்கரையே. இரத்தக் கொதிப்பு உள்ளவர் கருவாட்டின் உப்பை அஞ்சவேண்டும். சிறுநீரகம் பழுதானவர் கீரையின் அளவைக்கூட மருத்துவரிடம் கேட்டே உண்ணவேண்டும். கட்டட வேலையில் பகலெல்லாம் கல் சுமக்கும் தம்பிக்கோ சோற்றைக் குறை என்று சொல்வது அறியாமை. அவருக்குச் சோறும் வேண்டும், கூடவே பருப்பும் முட்டையும் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று தாய்மார் கேட்பது எமக்குப் புரிகிறது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அது பசியைத் துரத்தியது. அதைக் குறைத்துப் பேச எமக்கு உரிமையில்லை. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். நம் மாவட்டத்துக்கும் அதைக் கேட்டு விண்ணப்பம் எழுதியுள்ளோம். வாயிலருகே மேசையில் உள்ளது, போகும்போது கையொப்பம் இடுங்கள்.

விடுதிச் சமையல் பற்றி ஓர் அறிவிப்பு. வரும் மாதம் முதல் புதன்கிழமை இரவு களியும் சோறும் இரண்டும் இருக்கும்; வேண்டியதை வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். களிக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கவேண்டும் என்பது அன்று எழுந்து பேசிய பெண்ணின் நிபந்தனை. ஏற்றுக்கொண்டோம்.