அக்கரைக்கு ஒரு நாள்



பயண இலக்கியம் என்றதும் ஏ. கே. செட்டியாரைப் போல உலகைச் சுற்றி வந்தவர்களின் நூல்களே நம் நினைவுக்கு வருகின்றன. பல நாடுகள், பல துறைமுகங்கள், மாதக் கணக்கான நாள்கள். இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது அதற்கு நேர்மாறான ஒன்று. காங்கேசன்துறையிலே கப்பலேறி நாகபட்டினத்தில் இறங்குவது, அங்கிருந்து கோச்சியில் கொஞ்சத் தூரம் போவது, அடுத்த கப்பலில் திரும்பி விடுவது. ஒரே ஒரு நாட் பிரயாணம். அந்தப் பிரயாணம் இன்னும் நடக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பது ஒரு திட்டம் மாத்திரந்தான். கொப்பித் தாள் ஒன்றில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதிய ஒரு நேர அட்டவணை.

நேர அட்டவணைக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அதை எழுத உட்கார்ந்தபோதுதான், ஈழத்து இலக்கிய வரலாறு என்று பதினைந்து வருடமாக நான் படிப்பித்து வருவதிலே இரண்டு அத்தியாயங்கள் ஒரே கடலைக் கடக்கின்றன என்பது எனக்கு உறைத்தது. ஒன்று போய்வந்தவர்களின் அத்தியாயம். மற்றது போனவர்களின் அத்தியாயம்.

முதலாவதைப் பாருங்கள். 1849இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகத் தமிழகம் சென்ற ஆறுமுக நாவலர், திருவாவடுதுறை ஆதீனத்திலே நாவலர் என்ற பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வண்ணார்பண்ணைக்குத் திரும்பினார். 1864இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். திரும்பினார், மீண்டும் போனார், மீண்டும் வந்தார். சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, அங்கேயே உத்தியோகம் பார்த்து, ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்துப் புலமை மரபு என்று நாம் பெருமையோடு சொல்லுவது பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தினாலே விளைந்தது. அக்காலத்தில் அதற்குத் தோணியும் பாய்க்கப்பலும் போதுமாக இருந்தன. கற்றவர்களை மட்டும் சொல்லுவதும் நியாயமல்ல. வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், வேதாரணியத்துக்குப் போய் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு வந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். ஒரு நாட் பிரயாணத்தின் தத்துவம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

பிறகு வந்தது போட் மெயில். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இருப்புப் பாதை முடிந்தது. இடையிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னார் இறங்குதுறைக்கும் நடுவே கிடந்த ஏறத்தாழ 22 மைல் கடலுக்கு, கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று ஆங்கில ஆட்சியாளர்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் விடப்பட்டன. கொழும்புக் கோட்டையிலே ஒரு ரிக்கற் எடுத்தால் சென்னை எழும்பூர் வரைக்கும் செல்லும். கப்பலின் நேரம் கோச்சியின் நேரத்தோடு பொருந்தியிருந்தது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கடல் அங்கே இருப்புப் பாதையின் ஒரு பகுதியாகிவிட்டது. ரிக்கற்றைக் கையில் வைத்திருந்தவனுக்கு அது இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட தூரம், அவ்வளவுதான்.

என் அப்பு சிதம்பரம் திருவாதிரைக்கு இந்த வழியாலேதான் போனவர். யாழ்ப்பாணத்தான் தென்மேற்கே இருக்கிற தனுஷ்கோடிக்குப் போக முதலிலே தெற்கே மதவாச்சிக்குப் போய்க் கோச்சி மாறவேண்டும் என்பதை ஒரு பகிடியாகச் சொல்லுவார். நான் பிறந்து வளர்ந்தபோது கப்பலும் இல்லை, கொஞ்ச நாளில் கோச்சியும் இல்லை. ஆகையால் அவருடைய மதவாச்சிப் பகிடி எங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை.

தனுஷ்கோடியின் முடிவை நீங்கள் அறிவீர்கள். 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயலிலே இறங்குதுறையும் ஊரும் அழிந்தன; பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் போனது. அதன் பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடி, 1984இலே நின்றுபோயிற்று.

அந்தப் புயலுக்கு ஏழு வாரங்களுக்கு முன்பு, அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பது. நான் சொன்ன இரண்டாவது அத்தியாயம் இது. அதற்கும் முந்திய பக்கங்கள் உண்டு. 1914க்கு முன் வந்தவர்கள் மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலே விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். போட் மெயில் வந்த பிறகும், தோட்டத்துக்கு வருகிறவர்களை மண்டபம் முகாமிலே தடுத்துவைத்து, அம்மைப்பால் குத்திச் சோதித்த பின்பே கப்பலில் ஏற்றினார்கள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தோட்டங்களைப் பார்த்து 1930களில் எழுதப்பட்டது, சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துக்குள்ளேயே இருந்து எழுதினார். ஒப்பந்தத்தின்படி திரும்பிப் போனவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையகத்து மக்களே ஒரு பெயர் வைத்தார்கள்: ஒப்பாரிக் கோச்சி. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம்முடைய சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயரையே சூட்டினார். ஒரு புகையிரதத்துக்கு இதைவிடச் சரியான பெயரை எந்தத் திணைக்களமும் வைத்திருக்க முடியாது.

அதே தண்டவாளம், அதே இறங்குதுறை. என் அப்புவின் ரிக்கற்றிலே போவதும் வருவதும் இருந்தன. பக்கத்துப் பெட்டியில் இருந்தவர்களின் கடதாசியில் போவது மட்டும் இருந்தது. நம்முடைய இலக்கிய வரலாற்று நூல்கள் இந்த இரண்டு பெட்டிகளையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துப் பேசுகின்றன. நானும் வினாத்தாளுக்கு ஏற்றபடி அப்படித்தான் படிப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவை ஒரே வண்டியில் பூட்டியிருந்த பெட்டிகள்.

இனி என்னுடைய கொப்பித் தாளுக்கு வருகிறேன். இதற்கு ஆரம்பம் எங்கள் இந்துக் கல்லூரியின் உயர்தர வகுப்பு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே வந்து குவிந்த பண்டங்களைச் சொல்லும்போது பட்டினப்பாலை ஈழத்து உணவையும் சேர்த்துச் சொல்லுகிறது. அதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழும்பி, "சேர், அந்தத் துறை இங்கேயிருந்து எவ்வளவு தூரம்? போட்டு ஒரு நாளிலே வரேலாதோ?" என்றான். என்ன உணவு என்று எவனாவது கேட்பான் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவன் தூரத்தைக் கேட்டான்.

கேள்வி நியாயமானது. தலைமன்னாருக்கு 2015 மார்ச்சிலே கோச்சி திரும்பி வந்துவிட்டது. அக்கரையில் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. ஆனால் இடையிலே கப்பல் இல்லை. கப்பல் விட்டது காங்கேசன்துறைக்கு. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து 'செரியாபாணி' என்ற கப்பல் வந்தது. ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பலோடு சேவை மறுபடியும் ஆரம்பித்தது. அதன் பிறகும் வாடைக்காற்றுக் காலத்திலே நிறுத்தித்தான் விட்டார்கள். தூரம் சுமார் 60 கடல் மைல், நாலு மணித்தியாலம். காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி முதல் கோச்சி இருக்கிறது. நாகையிலும் கோச்சி இருக்கிறது. ஆகக் கப்பலும் உண்டு, இரு கரையிலும் தண்டவாளமும் உண்டு. பென்சிலை எடுத்தேன்.

சேவை மீண்டும் தொடங்கியபோது வகுத்த ஒழுங்கின்படி கப்பல் காலையில் நாகையை விட்டு நண்பகலில் இங்கே வரும். பிற்பகலிலே இங்கிருந்து புறப்பட்டு மாலையில் நாகைக்குப் போகும். இரவு அங்கே தங்கும். இதன் பொருள் என்ன? நாகையிலிருந்து வருகிறவர் அன்றே திரும்புவதானால் காங்கேசன்துறையில் தேத்தண்ணி குடிக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. நாம் போனாலோ, ஆறு மணியளவில் இறங்கிச் சுங்கத்தையும் குடிவரவையும் முடிக்க ஏழாகிவிடும். மறுநாட் காலையில் கப்பல் இருக்குமானால், விடியும்போது துறைமுகத்தில் நிற்கவேண்டும். கப்பல் எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நாட் பிரயாணம் என்று நான் எழுதியது உண்மையிலே ஓர் இரவுப் பிரயாணம். அக்கரையிலே நமக்குக் கிடைப்பது இருட்டு மட்டும். திருவாரூருக்குக் கோச்சியில் ஒரு மணித்தியாலம்கூடப் பிடியாது, போய் வரலாம். பூம்புகாருக்குத் தண்டவாளம் இல்லை. தரங்கம்பாடி வழியாகத் தெருவாலே போகவேண்டும். "இருட்டிலே கடலைப் பார்த்தாலும் காணும் சேர்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய பயணத்தை இரண்டு இரவாக நீட்டி, பன்னிரண்டு பேருக்கும் கடவுச்சீட்டு, இந்திய விசா, பெற்றோர் சம்மதம் என்று இன்னொரு தாளுக்கு மாற்றிவிட்டேன்.

முதல் தாளை நான் கிழித்துப் போடவில்லை. பயிற்சிக் காலத்திலே என்னோடு ஒரே அறையில் இருந்த ஹற்றன் நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசும்போது இந்தக் கணக்கை அவருக்குச் சொன்னேன். "ஆறு மணியிலேர்ந்து காலையில ஏழு மணி வரைக்கும்னா பதின்மூணு மணித்தியாலம் இருக்கே" என்றார். அவருடைய தகப்பனாரின் தங்கச்சி 1972இலே கணவர் வீட்டாரோடு ஒப்பாரிக் கோச்சியில் போனவர். தகப்பனாருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. அந்த அம்மாவுக்கு மண்டபத்திலே குடும்ப அட்டை. ஹற்றன் மேடையில் பிரிந்தவர்கள் பிறகு சந்திக்கவில்லை. போன் வந்த பிறகு குரல் மட்டும் வந்து போகிறது. அண்ணனுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. படுக்கையில் இருக்கும் மனைவியை விட்டுவிட்டு நீண்ட நாள் அவர் வெளியே தங்க முடியாது. தங்கச்சி நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்.

விமானம் இருக்கிறதே என்று பெரியவரிடமே கேட்டேன். "அது கப்பல்லதான் போச்சு. நானும் கப்பல்லயே போறேன் மாஸ்டர்" என்றார்.

ஆகவே அந்தத் தாளில் இப்போது இரண்டு நிரல்கள் இருக்கின்றன. இடப்பக்கம் அவர்: ஹற்றனிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து இரவுக் கோச்சியில் காங்கேசன்துறை, பிற்பகல் கப்பல். வலப்பக்கம் அந்த அம்மா: கூடலூரிலிருந்து மகனோடு பஸ்ஸிலே கோயம்புத்தூருக்கு இறங்கி, கோச்சியேறித் தஞ்சாவூரில் மாறி, முதல் நாளே நாகைக்கு வந்து தங்க வேண்டும். இரண்டு நிரலும் நாகபட்டினத்திலே மாலை ஏழு மணிக்குச் சந்திக்கின்றன. வலப்பக்கத்து நிரலில் எதுவும் பிந்தக் கூடாது. அதனால்தான் ஒரு நாள் முன்னதாகப் போட்டிருக்கிறேன். இடப்பக்கத்திலே கடல்தான் பயம். காற்றைப் பார்த்து ஓகஸ்ட் விடுமுறையை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறேன். நானும் கூடப் போகிறேன். இரண்டு கட்டிலும் ஒரு கதிரையும் உள்ள அறை ஸ்டேஷனுக்குக் கிட்ட வேண்டும் என்பது நண்பரின் உத்தரவு. அந்த இரவிலே யாரும் படுக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தங்கச்சிக்கு என்ன கொண்டுபோவது என்று பெரியவர் பல நாள் யோசித்தார். வேறு யாருக்கும் என்றால் தேயிலை கொண்டுபோகலாம். இந்த அம்மா போன இடத்திலும் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து எடுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தவர். கடைசியில் போனிலேயே கேட்டுவிட்டார். அங்கே கிடைக்காத ஒன்றைத்தான் அந்த அம்மா கேட்டிருக்கிறார். மாசிச் சம்பல், ஒரு போத்தல். அதையும் தாளின் அடியிலே எழுதிவைத்து, சுங்கத்தில் விசாரிக்க வேண்டும் என்று குறித்திருக்கிறேன்.