வெயிலும் குளிரும் பற்றறியும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எமக்கு முன் பேசியோர் சமயத்தையும் பண்பாட்டையும் பற்றி அரிய கருத்துக்களை எடுத்துரைத்தனர். மோட்டார் வண்டியின் பற்றறியைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்து, இந்நகரின் புனித மிக்கேல் கல்லூரியிலே பயின்ற விபுலாநந்த அடிகளார், முத்தமிழில் வல்லவராய் விளங்கியதோடு விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்வதற்கான கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தவர். அவர் சென்ற வழியிலே ஓரடி வைக்க எமக்கும் உரிமை உண்டென்ற துணிவோடு தொடங்குகிறோம்.

கல்லடிப் பாலத்தில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். பெற்றோலாலும் மின்சாரத்தாலும் ஓடும் ஹைபிரிட் வண்டிகள் எத்தனை கடந்து செல்கின்றன! ரொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் யப்பானிலே பிரியஸ் என்னும் வண்டியை விற்பனைக்கு விட்டது. பின்னர் அக்குவா, ஹொண்டா வெசல் எனப் பல வந்தன. நமது நாட்டுக்கு வந்தவற்றுள் பெரும்பாலானவை யப்பானில் ஓடிப் பழகியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆகவே நம்மவர் கையில் உள்ளவை பல பத்தாண்டு கடந்த வண்டிகள். அவற்றின் பற்றறியும் அவ்வளவு வயதானது. அது பழுதானால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடும். இதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இவ்வண்டியில் எஞ்சினும் உண்டு, மின்மோட்டரும் உண்டு. பிறேக்கை அழுத்தும்போது வீணாகும் சக்தியின் ஒரு பகுதி மின்சாரமாக மாறிப் பற்றறியிற் சேர்கிறது. வண்டி புறப்படும்போது அது மீண்டும் மோட்டரைச் சுழற்றுகிறது. 2009இல் வந்த பிரியஸ் வண்டியில் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று உடைய 168 நிக்கல் கலங்கள், ஆறு ஆறாக 28 கட்டுகளில் அடுக்கப்பட்டு, 201.6 வோல்ற்று தருகின்றன. அக்குவாவில் 20 கட்டுகள், 144 வோல்ற்று. வெசல் வண்டியில் இருப்பது இலிதியம் வகை. எவ்வகையாயினும் கலங்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. ஒரு கண்ணி நலிந்தால் சங்கிலி முழுவதும் நலியும்.

பற்றறி என்பது மின்சாரம் நிரப்பிய பானை அன்று. அது ஓர் இரசாயன அடுப்பு. அதனுள் நடப்பது இரசாயனத் தாக்கம். தாக்கத்தின் வேகம் வெப்பநிலையோடு எவ்வாறு மாறும் என்பதை சுவீடன் தேசத்து அறிஞர் அரீனியசு 1889இல் ஒரு சமன்பாட்டினால் விளக்கினார். பத்துப் பாகை ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது அதிலிருந்து பெறும் தோராயக் கணக்கு. குளிரும் வெயிலும் பற்றறிக்குச் செய்வதனைத்தையும் இவ்வொரு விதியைக் கொண்டே பெருமளவு விளங்கிக்கொள்ளலாம்.

முதலிற் குளிரைப் பார்ப்போம். இங்கே போத்தலில் ஓடும் தேங்காயெண்ணெய் நுவரெலியாவுக்குப் போனதும் கட்டியாகிவிடும் அல்லவா? பற்றறியின் திரவம் அவ்வாறு உறைவதில்லை, ஆயினும் அதனூடே மின்னேற்றங் கொண்ட அயன்கள் செல்லும் வேகம் குறைகிறது, உட்தடை கூடுகிறது. பற்றறி கேட்டதைக் கொடுக்க முடியாமலும், கொடுத்ததை வாங்க முடியாமலும் தயங்குகிறது. அப்போது எஞ்சினே அதிகம் உழைக்க நேரிடும். அமெரிக்காவில் நடத்திய சோதனைகளில், குளிர் மறை 7 பாகைக்கு இறங்கும்போது, நகரத்து ஓட்டத்தில், சாதாரண வண்டியின் பெற்றோற் சிக்கனம் 15 சதவீதம் அளவிலே குறைய, ஹைபிரிட் வண்டியினது 30 முதல் 34 சதவீதம் வரை குறைந்தது. இலிதியம் கலத்தை உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால் இலிதியம் உலோகமாகவே படிந்து கெடுதி செய்யும். இதையொழிந்தால், குளிரால் வரும் குறை பெரும்பாலும் தற்காலிகமானது. வெப்பநிலை ஏறியதும் பற்றறி பழைய வலிமையைப் பெறும்.

செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, பதுளை வழியே நுவரெலியாவுக்கு ஏறுபவர் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தை அடைகிறார். அங்கே காணும் 10, 15 பாகைக் குளிர் பற்றறியைக் கெடுக்கும் குளிரன்று. அஞ்சவேண்டியது மலைக்குளிரை அல்ல. நமது வாசலில் அடிக்கும் வெயிலை.

வெப்பம் வேறு விதமான பகைவன். அது முதலில் நண்பனைப்போல் வருகிறது. சற்றுச் சூடான பற்றறி சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஆனால் வேண்டிய தாக்கத்தோடு வேண்டாத தாக்கங்களும் விரைகின்றன. நிக்கல் கலத்தில், 45 பாகையளவைக் கடந்தபின் ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு சேமிப்பாகாமல் ஒட்சிசன் வாயுவை உண்டாக்குவதிலும் மேலும் சூடேற்றுவதிலும் வீணாகிறது. உள்ளிருக்கும் உலோகக் கலவை அரிக்கப்படுகிறது. இலிதியம் கலத்தில் மின்வாயின் மேல் ஒரு படலம் நாளுக்கு நாள் தடிக்கிறது. வாவியிற் பிடித்த மீனை ஐஸில் வைத்தால் கிடக்கும். வெயிலில் வைத்துப் பழுதான மீனைப் பிறகு ஐஸில் வைத்தாற் பச்சை மீனாகுமா? குளிரில் இழந்தது திரும்பும்; வெப்பத்தில் இழந்தது திரும்பாது. இவ்வுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதனை வையுங்கள்.

கச்சான் காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களில் நம் ஊரிற் பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவது வழக்கம். கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே ஒரு மணி நேரத்தில் அது 50 பாகையைக் கடந்துவிடக்கூடும். பற்றறி இருப்பதோ பின்னாசனத்தின் அடியில் அல்லது அதன் பின்னால். அது தன்னைக் குளிர்விக்க இழுப்பதும் அந்த உட்காற்றையே. பின்னாசனத்தின் அருகே சல்லடை போட்ட சிறு வாய் ஒன்று பல வண்டிகளில் உண்டு. அதுவே பற்றறியின் மூக்கு. அதன் பின்னே ஒரு மின்விசிறி சுழல்கிறது.

இதனை நாம் புத்தகத்தில் மட்டும் படித்தறியவில்லை. எமது மாமா ஒருவர் ஹைபிரிட் வண்டியொன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். ஓர் ஆடி அமாவாசைக்குக் களுவாஞ்சிகுடியிலிருந்து அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு அடியார்களை ஏற்றிச் சென்றார். பெற்றோலை மிச்சம்பிடிக்கக் குளிரூட்டியை நிறுத்தியிருந்தார். பின்னாசனத்தில் துணிமூட்டைகளும் பாத்திரங்களும். சனநெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து சென்றது. திரும்பும் வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கராஜிலே, “பற்றறி செத்துப்போச்சு அண்ணன், முழுசா மாத்தத்தான் வேணும்” என்று சொல்லிச் சில இலட்சம் கேட்டார்கள். மகளுக்கு வீடு கட்ட வாங்கி வைத்த சீமெந்தையும் கம்பியையும் விற்க மாமா எண்ணினார். அன்றிரவு எம்மைப் பார்த்து, “மருமகன், நீ படிச்ச படிப்பில இதுக்கு மறுமொழி இல்லையா?” என்றார். அக்கேள்வி எம்மைத் தூங்கவிடவில்லை.

வண்டியின் கைந்நூலைப் படித்து மூக்கு எங்கே என்று கண்டோம். இத்தொழில் அறிந்த வேறொருவர் அதைக் கழற்றிக் காட்டினார். விசிறியின் இதழ்களிலே தூசும் பஞ்சும் கம்பளிபோல் அப்பிக் கிடந்தன. பல ஆண்டு அப்பற்றறி மூச்சுமுட்டி உழைத்திருக்கிறது! துப்புரவு செய்து அளந்து பார்த்தபோது, நடுவில் இருந்த இரண்டு கட்டுகள் மட்டும் நலிந்திருந்தன. சூடு வெளியேற வழி குறைந்தது நடுவிலேதான். அவ்விரண்டையும் மாற்றினார்கள். வீட்டுக்கு வாங்கிய சீமெந்து தப்பியது. ஆயினும் மற்றைக் கட்டுகளும் அதே சூட்டைக் கண்டவையே. ஆண்டுக்கொரு சிறு துப்புரவு முன்னரே நடந்திருந்தால் அவையும் நெடுநாள் வாழ்ந்திருக்கும்.

ஆகவே வண்டி வைத்திருப்போர்க்கு எமது விண்ணப்பம் இது. பற்றறியின் மூக்கை மூட்டையாலோ சீலையாலோ மறைக்காதீர்கள். அதையும் விசிறியையும் காலந்தவறாது துப்புரவாக்குவியுங்கள். நிழலில் நிறுத்துங்கள், தென்னையின் கீழ் மட்டும் வேண்டாம், தேங்காய்க்கு வண்டியின் விலை தெரியாது. வெயிலில் நின்ற வண்டியின் கதவுகளைச் சற்றுத் திறந்து அனலை வெளியேற்றியபின் குளிரூட்டியைப் போடுங்கள். உங்களுக்கு இதமான காற்றே பற்றறிக்கும் இதம். 2022இன் பெற்றோல் பஞ்சத்தில் நேர்ந்ததுபோல் மாதக்கணக்கில் வண்டியை ஓடாமல் நிறுத்தினால், வெப்பத்தில் கலங்கள் தாமாகவே வற்றிவிடும், இடையிடையே ஓட்டுங்கள். பழைய வண்டி வாங்குவோர், விடியற்காலைக் குளிரில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாது, உச்சி வெயிலில் நெடுந்தூரம் ஓட்டிப் பாருங்கள். செம்மஞ்சள் நிறக் கம்பிகளைக் கண்டால் கை வைக்காதீர்கள். அவை உயிரைக் குடிக்கும் மின்சாரத்தைச் சுமப்பவை. பற்றறியைத் திறப்பது பயின்றவர் வேலை.

சபையோரே, படுவான்கரையிலிருந்து நெல்லேற்றி வந்த நம் பாட்டன்மார், வண்டிலை நிறுத்தியதும் முதலில் மாட்டை அவிழ்த்து நிழலிற் கட்டினார்கள். அதன் பின்பே தாம் தண்ணீர் குடித்தார்கள். தமக்காக உழைக்கும் உயிருக்கு மூச்சும் நிழலும் வேண்டுமென்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று வண்டியை இழுப்பது உயிரற்ற கலங்களின் அடுக்கே ஆயினும், அதற்கும் வேண்டுவது மூச்சும் நிழலுமே.