கடைமடைக்குப் பாயும் நீர்



வாசலில் நம் கருத்தரங்கின் பதாகையைப் படித்துவிட்டு என்னை அழைத்துவந்த ஓட்டுநர் கேட்டார்: “பிரஷ்ஷுக்கா சார் இரண்டு நாள் கூட்டம்?” நியாயமான கேள்வி. அதிலும் நம் பிரஷ்ஷுக்கு மயிரே கிடையாது. மெருகேற்றி முடித்த சிலிக்கான் வேஃபரைக் கழுவும் பஞ்சு உருளை அது. 300 மில்லிமீட்டர் விட்டமும் முக்கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமனும் கொண்ட தட்டை இரண்டு உருளைகள் இருபுறமும் அணைத்துத் துடைக்கின்றன. பி.வி.ஏ. எனும் செயற்கைப் பஞ்சில் பத்தில் ஒன்பது பங்கு வெற்றிடம்தான், காய்ந்தால் கட்டையாகிவிடும். நடுவில் துளையிட்ட தண்டு. கழுவுநீர் அதன் ஒரு முனையில் புகுந்து, துளைகள் வழியே பஞ்சில் ஊறி வெளியே வருகிறது. பஞ்சைக் கழுவுவதும் இந்த ஓட்டமே. ஓட்டம் குறைந்த இடத்தில் மெருகுத்தூள் தங்கி, அடுத்த வேஃபரில் போய் ஒட்டும்.

கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது என்பது வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்களின் கணக்கு. அதே கணக்கைத் தண்டுக்குள் கொண்டுபோனால் ஏமாறுவோம். உராய்வால் அழுத்தம் குறைவது உண்மை. ஆனால் துளைதோறும் நீர் வெளியேற, எஞ்சிய நீரின் வேகம் தளர்கிறது. தளர்ந்த வேகம் அழுத்தமாகத் திரும்புகிறது. குட்டையான, அகன்ற தண்டில் இந்த விளைவே வெல்லும். மூடிய கடைசி முனையில்தான் நீர் அதிகம் பாயும். கடைசித் துளைகளைப் பெரிதாக்கி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர் கோளாற்றை வளர்க்கிறார்.

உள்விட்டம் 12 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் துளைகள் 100, நிமிடத்துக்கு 1 லிட்டர் என்று வையுங்கள். நுழையும் நீரின் வேகத்துக்கு ஈடான அழுத்தம் சுமார் 11 பாஸ்கல். துளையைக் கடக்கச் செலவாவது சுமார் 60 பாஸ்கல். இவ்வளவு நெருங்கி நின்றால் பங்கீடு சாயும். துளை விட்டத்தைப் பாதியாக்கினால் கடக்கும் செலவு 16 மடங்காகும்; தண்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு அதற்கு முன் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அரை மில்லிமீட்டர் துளையை அடைக்க ஒரு காற்றுக்குமிழி போதும்.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் எனக்கொரு வழக்கு மிஞ்சுகிறது. நீர் “சீராக”ப் பாய வேண்டும் என்கிறோமே, எதன்மேல் சீராக? வேஃபர் சுழல்கிறது, உருளை அதன் விட்டத்தின் குறுக்கே கிடக்கிறது. மையம் உருளையை விட்டு நீங்குவதே இல்லை. விளிம்பில் உள்ள ஒரு புள்ளியோ சுற்றுக்கு இருமுறை, நொடிப்பொழுது உரசிப் போகிறது. ஆகவே உருளை நெடுக ஒரே அளவு நீர் விடுவது மையத்துக்கு வாரிக்கொடுத்து விளிம்பைக் காயப்போடுவதுதான். மையத்து நீர் சுழற்சியில் விளிம்புக்கு வழியும் என்பீர்கள். வழியும், வழியிலுள்ள அழுக்கையும் சுமந்துகொண்டு! விளிம்புப் பக்கம் துளைகளை நெருக்கமாக இட்டால் என்ன? துளை வரைபடம் வரைகிறவர்கள் தண்டை மட்டும் பார்த்து வரைவதை நான் ஏற்கவில்லை.

கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓட்டத்தை வெறும் தண்டில் அளந்தீர்களா, பஞ்சு போர்த்தி, சுழலும் தட்டில் அழுத்தி அளந்தீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் தண்டில் அளந்தவர்களைக் கேள்வி நேரத்தில் நானே பிடித்துக்கொள்வேன்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.