நிசீதிகை: அமர்ந்த இடத்தின் பெயர்

(ஒரகடத்தில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற திங்கள், இப்பகுதித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர் அலைபேசியில் அழைத்தார். தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அழைப்பிதழ் அச்சிட வேண்டும். "அச்சகத்தில் திதி என்று போடவா, நினைவஞ்சலி என்று போடவா என்று கேட்கிறார்கள், ஐயா. நமக்கென்று ஒரு சொல் கிடையாதா?" என்றார். பிண்டம் இடுவது நம் நெறியன்று. ஆதலால் திதி வேண்டாம் என்று உடனே கூறிவிட்டேன். அடுத்த வினாவுக்கு விடை கூற எனக்குச் சில நாள்கள் ஆயின. அவ்விடையைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நமக்கென்று ஒரு சொல் உண்டு. அது பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாக அமர்ந்திருக்கும் அப்பாறையை உங்களுள் பலர் வணங்கியிருப்பீர்கள். அக்குன்றில் ஒரு சிறு கல்வெட்டு உள்ளது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த இடம் அது என்பதை அது அறிவிக்கிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டினது என்பது அறிஞர் கருத்து. மன்னன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை, கொடைச் செய்தியும் இல்லை. ஆசிரியர் பெயர், நாள் கணக்கு, பின் 'நிசீதிகை' என்னும் ஒரு சொல். அவ்வளவே. (ஐகார உயிரெழுத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று அந்த 'ஐம்பத்தேழில்' இருப்பதால் எழுத்தியல் அறிஞர்களும் அக்குன்றைத் தேடி வருகின்றனர்.) அதே குன்றில் பிற்காலத்தில் இளையபட்டாரர் என்பார் முப்பது நாள் நோற்ற நிசீதிகையும் உண்டு.

இச்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'நி' என்பது கீழ். 'சத்' என்னும் வடமொழி வேர்ச்சொல்லுக்கு அமர்தல் என்று பொருள். உபநிடதம் என்பதிலும் இவ்வேரே உள்ளது. பிராகிருதத்தில் 'நிசீதியா', 'நிசீஹியா' என வழங்கிய சொல் தமிழ் நாவுக்கு ஏற்ப நிசீதிகை ஆயிற்று; கன்னட நாட்டில் நிசிதி, நிசிதிகெ என்றாயிற்று. கலிங்க மன்னன் காரவேலனின் ஹாதிகும்பா கல்வெட்டிலும் இச்சொல் வருகிறது. விலக்குதல் என்னும் பொருளுடைய 'நிஷேத' என்பதோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். எனக்கு அமர்தல் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஏனெனில், தமிழ் தானாகவே அதே எண்ணத்தை எட்டியிருக்கிறது. கோப்பெருஞ்சோழன் செய்ததை நம் முன்னோர் வடக்கிருத்தல் என்றனர். அதிலும் 'இருத்தல்'தான், இறத்தல் இல்லை. போரில் வீழ்ந்த வீரனுக்கோ நடுகல். அங்கே கல் நிற்கிறது. இங்கே மனிதர் அமர்ந்திருக்கிறார். சாவைச் சுட்டாமல், அதற்கு முன் ஒருவர் கொண்டிருந்த உறுதியைச் சுட்டுகிற சொல் இது.

நிசீதிகை ஊருக்கு மிக அருகிலும் வேண்டா, மிகத் தொலைவிலும் வேண்டா. தனிமையும் வெளிச்சமும் உடைய இடமாக இருக்க வேண்டும் என்பது பகவதி ஆராதனை தரும் இலக்கணம். இங்கிருந்து மேற்கே, காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், மல்லிசேன வாமனர், அவர்தம் மாணாக்கர் புஷ்பசேனர் ஆகியோரின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. அப்புஷ்பசேனரின் சொற்படியே விசயநகரத் தளபதி இருகப்பர் 1387இல் அங்கு மண்டபம் எழுப்பினார்.

இது துறவியர்க்கு மட்டும் உரிய பெருமையோ என்று வினவலாம். அன்று. போசள அரசி சாந்தலையின் அன்னை மாசிகப்பை சிரவணபெளகொளத்தில் ஒரு திங்கள் நோற்று உயிர்நீத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அவர் ஓர் இல்லறத்தார்.

எனினும் அவ்விளைஞரின் தந்தையார் மருத்துவமனையில் நோயால் மறைந்தவர். நோன்பு ஏற்காதவர்க்கு நிசீதிகை என்று அச்சிடுவது தந்தைக்கும் பெருமையாகாது, சந்திரநந்தி ஆசிரியருக்கும் நேர்மையாகாது. இதனை அவரிடம் சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "அப்படியானால் எதைப் போடுவது, ஐயா?" என்றார்.

'நினைவேந்தல்' என்று போடுங்கள் என்றேன். ஏந்துதல் என்பது கையில் தாங்குதல். கீழே விழாமல் தாங்கும் வேலை மகனுடையது. அதற்கு நோன்பிருந்த தந்தைதான் வேண்டும் என்பதில்லை. அழைப்பிதழ் அவ்வாறே வந்தது. இதோ என் கையில் இருக்கிறது.

பின்பு அவர் கேட்டது ஒன்றே: "அந்தக் குன்றுக்கு எப்படிப் போக வேண்டும்?" செங்கற்பட்டு, திண்டிவனம் வழியாகச் செஞ்சி. வரும் ஞாயிறன்று ஒரு வேன் பேசியிருக்கிறோம். இன்னும் சில இடங்கள் உள்ளன. பாறை சூடேறுமுன் மேலே ஏறிவிட வேண்டும். ஆதலால் விடியுமுன்னே புறப்படுகிறோம்.