கொழுந்து லொறிக்குத் திறந்த பாதை

(பதுளையில் நடந்த பெருந்தொற்றுக்கால அவசர உளமருத்துவ ஆய்வரங்கின் தலைமை உரை)



நாளை மாலைவரை பல கட்டுரைகள் வாசிக்கப்படவிருக்கின்றன. அவற்றுக்கு முன் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பெருந்தொற்றுக் காலத்தில் ஊவாத் தோட்டங்களிலிருந்து நம்மிடம் வந்த உளநல அவசர நிலைகளில் பெரும்பாலானவை, வைத்தியசாலை வாசலுக்கு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொழிலாளரின் லய வீடுகளில் உருவானவை. அங்கேயே தடுத்திருக்கக்கூடியவை.

2020 மார்ச் 20ஆம் தேதி மாலை நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பெருந்தோட்ட வேலைக்கு விலக்கு இருந்தது. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டார்கள், கொழுந்து எடுத்தார்கள், லொறி தொழிற்சாலைக்குப் போயிற்று. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், ஏப்ரல் 4ஆம் தேதி முதல் தடவையாக இணையவழியில் நடந்தது. ஊரடங்கு வந்து 15 நாட்களில் இதைச் செய்து காட்டினார்கள். அதை நான் குறைசொல்லவில்லை. அந்த வருமானத்தில்தான் நம் மக்களின் அடுப்பும் எரிந்தது. ஆனால் ஒரு நூற்றாண்டுப் பழக்கத்தை 15 நாட்களில் மாற்ற முடிந்த ஒரு நாட்டில், பசறைக்கு மேலே ஒரு டிவிசனில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் போனது ஏன்? இந்த அரங்கு விடை காண வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். மனச்சிதைவு நோய்க்கு ஆண்டுக்கணக்காக ஃபுளூபெனசீன் ஊசி போட்டு, தவறாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஏப்ரல் ஊசி தவறியது. ஊரடங்கு தளர்ந்த சில மணி நேரத்தில் பஸ் இல்லை. ஆட்டோவுக்குக் கேட்ட காசு ஒருநாள் சம்பளத்தைவிட அதிகம். அரிசி, மா வாங்கவும் அதே நேரம்தான். மே மாத ஊசியும் தவறியது. முதலில் தூக்கம் போனது. பிறகு பக்கத்துக் காம்பரா ஆட்கள் சுவருக்குப் பின்னாலிருந்து தன்னைப் பேசுவதாகச் சொன்னார். லயத்தில் பக்கத்துக் காம்பராப் பேச்சு கேட்கத்தானே செய்யும், அதனால் வீட்டார் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு கோடாங்கியிடம் போனார்கள். கடைசியில் ஓரிரவு, கைகளைத் துண்டால் கட்டி, தோட்ட லொறியில் ஏற்றி ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அவருக்கு லேசான காய்ச்சல் இருந்தது. தொற்றுப் பிரிவு இது மனநோயாளி என்றது. மனநலப் பிரிவு இது காய்ச்சல்காரர் என்றது. விடியும்வரை வெளிவாசல் சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்க்கப்படவில்லை.

அன்றிரவு கடமையிலிருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. துப்புரவுப் பணியாளர் ஒருவர்தான் நடுவில் நின்று பேசினார். தான் சாகப்போவதாக அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். வைத்தியரின் காதுக்கு அது "என்னமோ உளறுகிறாள்" என்றுதான் போய்ச் சேர்ந்தது. இருதய நோய்க்கு ஈசிஜி இருக்கிறது. நமக்கு இருக்கும் ஒரே கருவி நோயாளியின் பேச்சு. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் மட்டும் சுமார் ஒன்றரை இலட்சம் பேர். இத்தனை பேர் வாழும் மாவட்டத்தில் இரவுக் கடமைப் பட்டியலில் தமிழ் பேசும் உளநல அலுவலர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி, பெருந்தொற்று இல்லாத காலத்திலும் வேண்டியதே.

நம்மிடம் நல்லவையும் நடந்தன. கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபால்காரர் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அரசு அந்த ஊரடங்கிலேயே தொடங்கியது. மாத்திரை எடுக்கும் பலர் அதனால் பிழைத்தார்கள். ஆனால் ஊசியைத் தபால்காரர் போட முடியாது. லித்தியம் எடுப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். குளோசபின் தொடங்கியவருக்கு முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ண வேண்டும். அதோடு, ஒரு தோட்டத்தின் கடிதங்கள் எல்லாம் அலுவலகத்தில் குவிந்து, அங்கிருந்து லயத்துக்குப் போகும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தன் மனநோய் மருந்துப் பொட்டலம் அலுவலக மேசையில் கிடப்பதை எந்தப் பெண் விரும்புவாள்?

ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டதைப் பற்றியும் பேச வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாத பூச்சி பாம்பெல்லாம் தெரிவது, உயிராபத்து. உலகில் எங்கும் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். கேரளத்தில் தற்கொலைகள் நடந்து, மருத்துவர் சீட்டுக்கு மது வழங்க அரசே ஆணையிட்டு, உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் அதை நிறுத்திவைத்தது. நம் தோட்டங்களில் அந்த ஆட்களைப் "பேய் பிடித்தவர்" என்றும், "கசிப்பு இல்லாமல் கூத்தாடுகிறான்" என்றும் சொல்லிப் படுக்க வைத்தார்கள். டயசெபமும் தயமினும் தோட்ட மருந்தகத்தில் இருந்திருந்தால், அவற்றை எப்படிக் கொடுப்பது என்று தொலைபேசியில் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், பாதிப் பேருக்கு மலையிறங்கும் தேவையே வந்திருக்காது.

உடல்நோயை மனநோயாகக் கொள்ளும் தவறும் ஒரு தடவை நடக்கப் பார்த்தது. 2021 ஆகஸ்டில், டெல்டா அலையின் உச்சத்தில், நடுவயது ஆண் ஒருவரைப் பொலிஸார் கூட்டிவந்தார்கள். ஆட்களை அடையாளம் தெரியாமல் கத்துகிறார், சட்டையைக் கிழிக்கிறார், மூளை குழம்பிவிட்டது என்றார்கள். தாதி ஒருவர், யாரும் சொல்லாமலே, விரலில் ஒக்சிமீட்டரை மாட்டினார். எண்பதுக்குக் கீழே காட்டியது. அவருக்கு வேண்டியிருந்தது ஒக்சிசன். மயக்கும் ஊசியை முதலில் போட்டிருந்தால் மூச்சே நின்றிருக்கலாம். இளைய வைத்தியர்களுக்குச் சொல்கிறேன்: கொந்தளிப்போடு வருபவருக்கு ஒக்சிசன் அளவு, சர்க்கரை, காய்ச்சல் மூன்றையும் பார்க்காமல் மனநோய் என்று எழுதாதீர்கள். டெக்சாமெதசோன் எடுப்பவரா என்றும் கேளுங்கள், ஸ்டீரொய்டே பித்தேற்றும். அமைதிப்படுத்த மருந்து தேவைப்பட்டால் நமக்கு அயலூர்ச் சான்றே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 200 நோயாளிகளிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வு, ஹலோபெரிடோலும் புரோமெதசீனும் சேர்த்துக் கொடுப்பது லோரசெபத்தைவிட விரைவாக வேலைசெய்வதைக் காட்டியது. விலையும் அதிகமில்லை, ஒரு கிராமிய வைத்தியசாலையில்கூட வைத்திருக்கலாம்.

நம் முன்னோடிகள் செய்த ஒரு நல்ல காரியம் அந்த ஊரடங்கில் கைகொடுத்தது. 1926இல் அங்கொடை வைத்தியசாலை திறந்ததிலிருந்து, பதுளையில் மனம் குழம்பியவர் சுமார் 230 கிலோமீற்றர் கடந்து அங்கே போவதே வழியாக இருந்தது. போனவர்களில் எத்தனையோ பேரைத் தேடி யாரும் வரவில்லை. மாவட்டந்தோறும் உளநல வார்டு வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தேசிய உளநலக் கொள்கை வற்புறுத்தியது. மாவட்ட எல்லைகள் மூடப்பட்டபோது, பதுளையிலேயே கட்டில் இருந்ததன் அருமை புரிந்தது. பெரிய அடைப்பு மனைகளின் ஆபத்தைத் தென்கொரியா பார்த்தது. செங்டோவின் தேனம் வைத்தியசாலையில், 2020 பெப்ரவரியில், பூட்டிய உளநல வார்டில் இருந்த நூறு பேரளவில் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றியது. அந்நாட்டின் முதல் கொவிட் மரணம் அங்கேதான். இறந்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வார்டை விட்டு வெளியே வராதவர்.

கொள்கை கொழும்பிலிருந்து பதுளைவரை வந்தது. பதுளையிலிருந்து மடுல்சீமைக்கும் பூனாகலைக்கும் அம்பிட்டிகந்தைக்கும் இன்னும் போகவில்லை. சட்டமோ, 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டத்திலேயே நிற்கிறது. 1956இல் திருத்தியது கடைசி. வீட்டிலிருந்து ஒருவரை யார் கூட்டிவரலாம், எவ்வளவு நேரம் கட்டிவைக்கலாம் என்று கேட்டால், நம்மில் பலரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது.

ஆனால் நஞ்சுண்டு சாவதைத் தடுப்பதில் இதே நாடு உலகுக்கு வழிகாட்டியது. 1995 அளவில் இலட்சம் பேருக்குச் சுமார் 47 தற்கொலைகள் நடந்த நாடு இது. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கடைசி நிமிடத்துக்கு வெகு முன்னால் கைவைத்தால் உயிர் மிஞ்சும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவுரையில் "மேலும் ஆய்வு தேவை" என்று எழுதும் இடத்தில், எந்தத் தோட்ட மருந்தகத்தில் எந்த மருந்து, யார் பொறுப்பில், எத்தனை வார இருப்பு என்று எழுதுங்கள். அடுத்த ஊரடங்கில் கொழுந்து லொறிக்குக் கிடைக்கும் பாஸ், ஊசி போடும் தாதிக்கும் அன்றே கிடைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை நாளை மாலை நானே முன்மொழிவேன். மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் அது போகும். இங்கிருக்கும் ஒவ்வொருவரும் அதில் கையொப்பமிட வேண்டுகிறேன்.

ஆய்வரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.